நான்கு விநாடி ஞாபகம்

1880-களில் ஜெர்மனியில் வாழ்ந்த தாவர சாஸ்திரியான வில்ஹெல்ம் பெஃபர், மயிரிழை நுழையுமளவே துளையுள்ள ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, அதன் ஒரு முனையைத் தீயில் உருக்கி அடைத்து, மற்ற முனை வழியாக இறைச்சிச் சாற்றை ஏற்றி, பாக்டீரியாக்கள் மலிந்த ஒரு நீர்த்துளியின் ஓரத்தில் மெல்லக் கிடத்திவிட்டு, உருப்பெருக்கியின் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரையில் திக்குத் திசையின்றி அலைந்துகொண்டிருந்த அந்த ஜீவராசிகள், கோயில் மண்டபத்தில் பிரசாதம் வழங்கத் தொடங்கியதும் கூட்டம் திரள்வதுபோல, குழாயின் வாயருகே வந்து மொய்த்தன. மொய்த்ததோடு நில்லாமல் உள்ளேயும் புகுந்தன. அமிலத்தை நிரப்பி வைத்தாலோ, அதே ஜீவராசிகள் அவ்விடத்தை அண்டாமல் விலகின. கண்ணில்லை, மூக்கில்லை, நரம்பென்று சொல்லத்தக்க ஓர் இழைகூட இல்லை; ஆயினும் விருப்பும் வெறுப்பும் இருக்கின்றன என்று சொல்லத் தோன்றும்படியான அந்தக் காட்சி, அதைக் கண்டவர்களை வியக்க வைத்ததே தவிர, அதன் உட்காரணத்தை ஆராயும் உபகரணமோ ரசாயன அறிவோ அக்காலத்தில் ஒருவரிடமும் இருக்கவில்லை.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் ஆட்லர் என்பவர் அந்தக் கண்ணாடிக் குழாயை மறுபடி கையில் எடுத்தார். ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறிய அவர், நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவைத் தம் ஆராய்ச்சிக்குத் தேர்ந்துகொண்டு, முதலில் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார். சர்க்கரையை நோக்கி இது செல்கிறதென்றால், சர்க்கரையை உண்டு அதனால் சக்தி பெற்ற பிறகு அந்தத் திசையில் செல்கிறதா, அல்லது உண்ணுவதற்கு முன்பே அதன் இருப்பை உணர்ந்துவிடுகிறதா? காலக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் திறனை அறவே இழந்த பிறழ்வினங்களை எடுத்துக் குழாயின் அருகே விட்டபோது, அவையும் அந்தச் சர்க்கரையை நாடியே சென்றன. உண்டு கொழுக்க உதவும் வேறு சில வஸ்துக்களையோ, பாக்டீரியாக்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆகவே சுவை வேறு, பசி வேறு. பாக்டீரியாவின் மேற்புறத்தில் இன்னின்ன பொருளை இனங்காணுவதற்கென்றே ஏற்பிகள் என்னும் புரதங்கள் அமைந்திருக்கின்றன என்று 1969-இல் ஆட்லர் நிறுவினார்.

இனி, இனங்கண்ட பொருளை நோக்கி அது எப்படிச் செல்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஈ. கோலையின் உடல் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நீளமுள்ளது. அதன் மேனியிலிருந்து சில கசையிழைகள் புறப்படுகின்றன. ஒவ்வோர் இழையின் அடியிலும் புரதங்களால் ஆன ஒரு சுழலி பொருந்தியிருக்கிறது. சுழலிகள் யாவும் இடஞ்சுழியாகச் சுற்றும்போது இழைகள் ஒன்றுசேர்ந்து பின்னல்போல் முறுக்கிக்கொண்டு உடலை முன்னே தள்ளுகின்றன. அவற்றில் ஒன்றிரண்டு வலஞ்சுழியாக மாறினாலும் பின்னல் பிரிந்து, உடல் நின்ற இடத்திலேயே குட்டிக்கரணம் போடுகிறது. ஹோவர்ட் பெர்க் என்பவர், நீந்தும் ஒரே பாக்டீரியாவை விடாமல் பின்தொடரும் உருப்பெருக்கி ஒன்றைத் தாமே வடிவமைத்து, டக்ளஸ் பிரௌனுடன் சேர்ந்து 1972-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓட்டம் சுமார் ஒரு விநாடி நீடிக்கிறது. புரளல் சுமார் பத்தில் ஒரு விநாடி. புரண்டு எழுந்தபின் எந்தத் திசையில் ஓடும் என்பது பெரும்பாலும் தற்செயல். விரும்பிய பொருள் மிகுந்துவரும் திசையில் ஓட நேர்ந்தால் மட்டும் புரளாமல் சற்று அதிகநேரம் ஓடுகிறது. குறைந்துவரும் திசையில் போகும்போது, தவறான வழியில் வந்துவிட்டோமே என்று அவசரமாகத் திரும்புவதாகவும் தெரியவில்லை, வழக்கம்போலவே ஓடிப் புரள்கிறது. நல்லது நேரும்போது அதை நீட்டிக்கத் தெரிந்த இந்தப் பிராணிக்குத் தீயதைக் கண்டு பதறத் தெரியாது என்பது எனக்கு எப்போதுமே ரசமான விஷயமாகத் தோன்றியிருக்கிறது. மொத்தத்தில் நூறு முறை புரண்டாலும், அது கொஞ்சங்கொஞ்சமாக உணவை நெருங்கிவிடுகிறது.

பொருள் மிகுகிறதா, குறைகிறதா என்பதை அது அறிவது எப்படி? தலைப்பக்கத்துச் செறிவையும் வால்பக்கத்துச் செறிவையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், இவ்வளவு சிறிய உடலின் இரு முனைகளுக்கிடையே உள்ள வித்தியாசம் அற்பத்திலும் அற்பம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ராபர்ட் மாக்நாப், டேனியல் கோஷ்லண்ட் ஆகிய இருவரும் இதே 1972-இல் ஒரு சாமர்த்தியமான சோதனை செய்தனர். திசை என்பதே இல்லாமல் எங்கும் ஒரே சீராக இருக்குமாறு, செரின் என்னும் அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் நீந்தும் நீரில் கணப்பொழுதில் கலந்துவிட்டார்கள். தலைக்கும் வாலுக்கும் எள்ளளவும் வித்தியாசமில்லாத அந்த நீரில் பாக்டீரியாக்கள் புரளுவதை மறந்து நேர்கோட்டில் ஓடின; சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பின. நேற்றைய விலையை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய விலையைப் பேசும் சந்தைக்காரனைப்போல, பாக்டீரியா இடத்தை இடத்தோடு ஒப்பிடாமல், இப்போதைய நிலையைச் சற்று முன்பிருந்த நிலையோடு ஒப்பிடுகிறது என்பது இதனால் வெளியாயிற்று. ஒப்பிடவேண்டுமானால் முன்பிருந்ததை எங்கேனும் குறித்து வைத்திருக்கவேண்டும். மூளையே இல்லாத ஓர் உயிரில் அந்தக் குறிப்பேடு எங்கே இருக்கிறது?

இவ்விடத்தில் புரதங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எந்தப் புரதத்தை எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்ற கட்டளை மரபணுவில் இருக்கிறது. அது எழுத்தாணியால் ஓலையில் கீறிய எழுத்து, தலைமுறை தலைமுறையாக நிற்பது. ஆனால் கோத்து முடித்த புரதத்தின்மேல், நொதிகள் சில சிறிய ரசாயனக் குறிகளை ஒட்டவும், ஒட்டியதைப் பிய்த்தெடுக்கவும் வல்லன. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதி, மறுகணம் உள்ளங்கையால் தடவி அழித்து, மேலே எழுதிப் பழகினார்களே, அதைப் போன்றது இந்த எழுத்து. ஒரு பாஸ்பேட்டோ ஒரு மெதிலோ புரதத்தின் பிரம்மாண்டமான உருவத்தோடு ஒப்பிட்டால் யானையின் நெற்றியிலிட்ட பொட்டளவுதான். எனினும் அது வந்து ஒட்டியதும் புரதத்தின் மின்னூட்டம் மாறி, மடிப்பு இளகி அல்லது இறுகி, செயல் ஓங்குகிறது அல்லது ஒடுங்குகிறது. புதிய புரதம் ஒன்றை உண்டாக்கப் பாக்டீரியாவுக்கு நிமிடக்கணக்கில் காலம் பிடிக்கும். உள்ளதன்மேல் குறியிடவோ ஒரு விநாடியின் சிறு பகுதியே போதும். நொடிக்கொரு திசை தேடும் பிராணிக்கு ஓலையில் எழுதிக்கொண்டிருக்க நேரமேது?

ஈ. கோலையின் ஏற்பிகள் பெரும்பாலும் உடலின் ஒரு முனையில் ஆயிரக்கணக்கில் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் உட்புற நுனியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நொதி ஒன்றும், அங்கிருந்து செய்தியைச் சுமந்து சுழலிக்கு ஓடும் சிறு புரதம் ஒன்றும், அந்தச் செய்தியை அழிக்கும் புரதம் ஒன்றும் இதில் சம்பந்தப்பட்டவை. இவற்றுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர்களில் ரசனை என்பது மருந்துக்கும் இல்லை. கீ-ஏ, கீ-ஒய், கீ-இசட் என்று பள்ளிக்கூடத்து வகுப்புப் பிரிவுகளைப்போல எழுத்தைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏற்பியில் விரும்பிய பொருள் ஏதும் வந்து சேராதிருக்கும்வரை, கீ-ஏ என்னும் நொதி, உயிரணுவுக்குச் சக்தி வழங்கும் ஏடிபி (ATP) என்னும் மூலக்கூறிடமிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பெற்றுத் தன் மேனியிலுள்ள ஹிஸ்டிடின் ஒன்றில் தானே ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதைக் கீ-ஒய்யின் அஸ்பார்டிக் அமிலம் ஒன்றுக்குக் கைமாற்றுகிறது. பாஸ்பேட் ஏந்திய கீ-ஒய் நீந்திச் சென்று சுழலியின் அடியில் பற்றிக்கொள்ள, சுழலி வலஞ்சுழியாகத் திரும்புகிறது, பாக்டீரியா புரள்கிறது. விரும்பிய பொருள் ஏற்பியில் வந்து சேர்ந்தாலோ கீ-ஏ அடங்கிவிடுகிறது, தூது வற்றுகிறது, ஓட்டம் நீள்கிறது. இந்தக் கைமாற்றத்தை மெல்வின் சைமனின் குழுவினர் 1988-இல் வெளிப்படுத்தினார்கள். இதில் கவனிக்கத்தக்கது கீ-இசட்டின் பணி: தூதனின் கையிலுள்ள பாஸ்பேட்டை ஒரு விநாடிக்குள் பறித்துவிடுவதே அதன் தொழில். அது இல்லாத பிறழ்வினத்தில் பழைய செய்திகள் அழியாமல் தேங்கி, பாக்டீரியா ஓயாமல் புரண்டுகொண்டே கிடக்கிறது.

பாஸ்பேட் சொல்லுவதெல்லாம் இந்தக் கணத்தின் நிலவரம் மாத்திரமே. கடந்த கணத்தைக் குறித்து வைப்பது மெதில். இதற்கான தடயம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. மெதியோனின் என்னும் அமினோ அமிலத்தைத் தாமே தயாரிக்க இயலாத பாக்டீரியாக்களுக்கு அதை ஊட்டாமல் நிறுத்தினால், அவை நன்றாகவே நீந்துகின்றன, ஆனால் எதையும் நாடிச் செல்லும் திறனை மட்டும் இழந்துவிடுகின்றன என்பதை 1967-இலேயே ஆட்லரின் ஆய்வகம் கண்டிருந்தது. உணவில் ஒரு பண்டம் குறைந்தால் நினைவு ஏன் தப்ப வேண்டும்? மெதியோனினிலிருந்து உண்டாகும் ஒரு சேர்மமே உயிரணுவில் மெதிலை வழங்கும் வள்ளல் என்பதை அறிந்திருந்த அவர்கள், கதிரியக்கம் ஏற்றிய மெதிலைப் பின்தொடர்ந்து போய், அது சவ்வில் பதிந்த ஒரு புரதத்தில் சென்று ஒட்டுகிறது என்று 1975-இல் கண்டார்கள். அந்தப் புரதம் வேறொன்றுமன்று, ஏற்பிதான்.

ஒவ்வோர் ஏற்பியின் உட்புறத் தண்டிலும் மெதில் ஒட்டக்கூடிய குளுட்டமிக் அமில இடங்கள் நான்கைந்து உண்டு. கீ-ஆர் என்னும் நொதி ஓயாது ஒட்டிக்கொண்டே போகிறது. கீ-பி என்னும் நொதி பிய்த்துக்கொண்டே வருகிறது. விரும்பிய பொருள் வந்து கீ-ஏ அடங்கியதும், கீ-பிக்குக் கிடைத்துவந்த பாஸ்பேட் ஊக்கமும் நின்றுபோக, அதன் கை தளர்கிறது, மெதில்கள் மிகுகின்றன. மெதில் மிகுந்த ஏற்பியோ, பொருள் ஒட்டியிருந்தபோதிலும் கீ-ஏயை மறுபடி எழுப்பிவிடுகிறது. ஆக, சர்க்கரை இருந்தபடியே இருக்க, பாக்டீரியா பழையபடி புரளத் தொடங்குகிறது. சாம்பிராணி மணக்கும் அறைக்குள் நுழைந்தவுடன் மூக்கு நிறைய வாசனையை உணர்ந்து, கால் நாழிகையில் அப்படியொரு வாசனை இருப்பதையே மறந்துவிடுகிறோம் அல்லவா? புதியதாக ஏதேனும் வந்தால் உணரவேண்டும் என்பதற்காகவே பழையதை மறக்கிறோம். ஏற்பியின் வாயில் வந்து சேர்ந்திருக்கும் பொருள் நிகழ்காலம். அதன் தண்டில் ஒட்டியிருக்கும் மெதில்களின் எண்ணிக்கை இறந்தகாலம். இரண்டும் சமமாக இருந்தால் செய்தியில்லை, வித்தியாசம் இருந்தால் அதுவே செய்தி.

இந்த ஞாபகத்தின் நீளத்தையும் அளந்திருக்கிறார்கள். 1986-இல் ஜெஃப்ரி சீகல், ஸ்டீவன் பிளாக், பெர்க் ஆகிய மூவரும் பாக்டீரியாவின் ஓர் இழையைக் கண்ணாடித் தட்டில் ஒட்டவைத்து, உடலே பம்பரம்போல் சுழலுமாறு செய்து, கணநேரம் மட்டும் உணவின் சாயலைக் காட்டி மறைத்து ஆராய்ந்ததில், கடைசி ஒரு விநாடியின் அனுபவத்தை அதற்கு முந்திய மூன்று விநாடிகளின் அனுபவத்தோடு அது ஒப்பிடுகிறதென்று தெரிந்தது. மொத்தம் நான்கு விநாடி. கேட்பவர்க்கு இது பரிதாபகரமான ஞாபகமாகத் தோன்றலாம். ஆனால் பாக்டீரியாவின் உலகத்தில் இதைவிடப் பொருத்தமான அளவு வேறில்லை. நீர் அதற்குத் தேன்பாகைவிடக் கெட்டியானது. சுழலி நின்றால் ஓர் அணுவின் விட்டமளவுகூட வழுக்கிச் செல்லாமல் அங்கேயே நின்றுவிடும் என்று பௌதிக மேதை எட்வர்ட் பர்செல் கணக்கிட்டுக் காட்டினார். மேலும் நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் இடித்துக்கொண்டே இருப்பதால், நேராகப் போகவேண்டும் என்று முயன்றாலும் பத்து விநாடிக்குள் அதன் முகம் எங்கோ திரும்பிவிடுகிறது. திசை மாறிப்போன பிறகு பழைய திசையின் நினைவு எதற்கு? அதற்காக ஞாபகத்தை மிகவும் குறுக்கினாலோ, ஏற்பியில் வந்து மோதும் மூலக்கூறுகளைத் தற்செயலான ஏற்றத்தாழ்வு மறையுமளவுக்கு எண்ணி முடிக்க அவகாசம் போதாது. ஞாபகத்தின் நீளம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே அமைந்திருக்கிறது. கீ-ஆரின் அளவை ஐம்பது மடங்குவரை கூட்டிப் பார்த்தாலும், பழகிப்போக ஆகும் நேரம் மாறுகிறதே ஒழிய, பழகியபின் முன்பிருந்த நிலைக்கே துல்லியமாகத் திரும்பும் சுபாவம் மாறுவதில்லை என்பது 1999-இல் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு.

ஓடுவதும் புரளுவதும் பாக்டீரியாவின் வெளி விவகாரம். அதன் அடுக்களைக்குள்ளும் இதே மணலெழுத்துதான் நடக்கிறது என்பது தெரியவந்ததோ மிகவும் தயக்கத்தோடு. புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி நொதியை இயக்கலாம் என்பதை எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் சியாட்டில் நகரில் 1955-இல் தசையிலிருந்து எடுத்த நொதியொன்றில் கண்டுபிடித்தார்கள்; 1992-இல் அதற்கு நோபல் பரிசும் பெற்றார்கள். ஆனால் இது உயர்ந்த பிராணிகளின் பாக்கியம், பாக்டீரியாவுக்கு இத்தனை நாசூக்கு எதற்கு என்ற அபிப்பிராயம் இருபதாண்டுக்கு மேல் நிலவியது. 1979-இல் கார்னக், ரீவ்ஸ் இருவரும் ஈ. கோலையின் ஐசோசிட்ரேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியில் பாஸ்பேட் ஒட்டுவதைக் காட்டியபோது அந்த அபிப்பிராயம் தளர்ந்தது.

குளுக்கோஸ் உள்ளவரை ஈ. கோலை செல்வந்தர் வீட்டுச் சமையற்காரன் மாதிரி தாராளமாகச் செலவழிக்கிறது. அரைகுறையாக எரித்ததை அசிட்டேட்டாக வெளியே கொட்டவும் செய்கிறது. குளுக்கோஸ் தீர்ந்தபின் தான் கொட்டியதையே பொறுக்கி உண்ணவேண்டி வருகிறது. அசிட்டேட்டில் இருப்பது இரண்டே கார்பன். அதை வழக்கமான சிட்ரிக் அமிலச் சக்கரத்தில் இட்டால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கார்பன் கரியமிலவாயுவாகப் புகைந்து போய்விடும், உடல் கட்ட ஒன்றும் மிஞ்சாது. கார்பன் இழக்கும் படிகளைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குவழி ஒன்று உண்டென்பதை 1957-இல் ஹான்ஸ் கோர்ன்பெர்க்கும் ஹான்ஸ் கிரெப்ஸும் கண்டிருந்தார்கள். (இந்தக் கிரெப்ஸ் வேறு, முன்சொன்ன கிரெப்ஸ் வேறு, உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்களின் தலைவிதி.) சந்திப்பில் நிற்பது ஐசோசிட்ரேட். அதைச் சக்கரத்தின் வழியே இழுக்கும் டிஹைட்ரோஜினேஸ் வலிமை மிக்கது; அது விழித்திருக்கும்வரை குறுக்குவழிக்கு ஒன்றும் வந்து சேராது. ஆகவே அசிட்டேட்டில் வாழும் பாக்டீரியா அந்த நொதியின் பெரும்பகுதியைப் பாஸ்பேட் இட்டு உறங்க வைக்கிறது. ஐசோசிட்ரேட் வந்து அமரவேண்டிய குழியில் உள்ள 113-ஆவது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஒட்டுகிறது; அதன் எதிர்மின்னூட்டம், எதிர்மின்னூட்டமே கொண்ட ஐசோசிட்ரேட்டை அண்டவிடாமல் தள்ளிவிடுகிறது. கோஷ்லண்டின் ஆய்வகத்தினர் அந்தச் செரினையே நீக்கி, இயல்பிலேயே எதிர்மின்னூட்டம் தாங்கிய அஸ்பார்டிக் அமிலத்தை அங்கே நட்டுப் பார்த்தபோது, பாஸ்பேட் இல்லாமலேயே நொதி செயலற்றுப் போயிற்று. இதில் என் மனத்தைக் கவர்ந்தது இன்னொன்று: பாஸ்பேட்டை ஒட்டுவதும் பிய்ப்பதும் ஒரே புரதம். பூட்டையும் சாவியையும் ஒருவரிடமே ஒப்படைத்த குடும்பம்!

நைட்ரஜன் விவகாரத்தில் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. குளுட்டமினைத் தயாரிக்கும் நொதி, ஒன்றன்மேலொன்று கவிழ்த்த இரண்டு அறுகோண வளையங்களாக, பன்னிரண்டு உறுப்புகள் கூடியது. ஒவ்வொரு குளுட்டமினுக்கும் ஓர் ஏடிபி செலவாகும். அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த ஏர்ல் ஸ்டாட்மனின் குழுவினரும், ஜெர்மனியில் ஹெல்முட் ஹோல்சரின் குழுவினரும் 1960-களின் பிற்பகுதியில் கண்டறிந்தபடி, நைட்ரஜன் போதுமானபோது இந்த உறுப்புகளின் டைரோசின் ஒவ்வொன்றிலும் ஏஎம்பி என்னும் குறி ஏறுகிறது. பன்னிரண்டிலும் ஏறினால் நொதி ஏறத்தாழ முழுமையாக அடங்குகிறது. ஐந்தில் ஏறினால் அதற்குத் தக்கபடி. குத்துவிளக்கின் திரிகளை வேண்டிய அளவுக்கு ஏற்றுவதும் அணைப்பதும்போல, இருளுக்கும் முழு ஒளிக்கும் இடையே எத்தனையோ படிகள் கிடைக்கின்றன.

காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்து அம்மோனியாவாக்கும் பாக்டீரியாக்களுக்கு இந்தச் சிக்கனம் உயிர்நாடி. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க நைட்ரஜினேஸ் நொதிக்குக் குறைந்தது 16 ஏடிபி வேண்டும். அம்மோனியா பக்கத்திலேயே கிடைக்கும்போது இவ்வளவையும் செலவழிப்பது அறிவீனம். ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் என்னும் ஊதா நிறப் பாக்டீரியா சூரிய ஒளியால் வாழ்வது. அதன் நைட்ரஜினேஸை உறங்கவும் எழவும் செய்யும் சக்தியை, ஆட்லர் பணியாற்றிய அதே மாடிசன் பல்கலைக்கழகத்தில் பால் லட்டன், ராபர்ட் பர்ரிஸ் முதலியோர் 1970-களிலிருந்து துருவி ஆராய்ந்தார்கள். நம் உழவர்கள் நெல் விதையோடு கலந்து விதைக்கும் அசோஸ்பைரில்லத்திலும் இதே ஏற்பாடு உண்டு. நீரில் அம்மோனியா கலந்தாலும், பொழுது சாய்ந்து ஒளி மறைந்தாலும், ஊதாப் பாக்டீரியாவின் நொதி ஒன்று ஏடிபி-ரைபோஸ் (ADP-ribose; முன்சொன்ன ஏடிபி வேறு) என்னும் குறியை நைட்ரஜினேஸின் இரும்புப் புரதத்தில் உள்ள ஓர் அர்ஜினினில் கொண்டுபோய் ஒட்டுகிறது. இரும்புப் புரதத்திலிருந்து நைட்ரஜினேஸின் மற்றப் பகுதிக்கு எலக்ட்ரான் செல்வது அத்தோடு நிற்கிறது. புரதம் சிதைவதுமில்லை, மரபணுவுக்குச் சொல்லியனுப்பப்படுவதுமில்லை. உள்ளது உள்ளபடியே கிடக்கிறது. மறுபடி ஒளி பட்டதும் மற்றொரு நொதி வந்து அந்தக் குறியைத் துடைத்தெடுக்க, சில நிமிடங்களில் நைட்ரஜினேஸ் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்குகிறது.